நாற்பத்தேழாம் நம்பர் ஸ்டாக்கிங்ஸ்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரே விசிலில் பருப்பு வெந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மெட்ரோவில் எனக்குப் பின்னால் ஏறினவளுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டால், அல்சூர் வருகிறவரை அவள் மூஞ்சியையே முறைத்துக்கொண்டு நிற்பேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியாது. போனை எடுத்துத் தன் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

ஆனால் நான் வாழ்க்கையில் அதிகமாகப் பொறாமைப்பட்டது நகையைப் பார்த்தோ வீட்டைப் பார்த்தோ இல்லை. ஃபிலோமினா என்பவளின் இரண்டு கால்களைப் பார்த்து.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கல்யாணமாகி அல்சூரில் புகுந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். வீட்டுக்காரர் மின்சார இலாகாவில் கிளார்க். நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை. ஃபிலோவும் நானும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். அவள் காக்ஸ் டவுன் பெண். கான்வென்ட் இங்கிலீஷ், சர்ச்சில் பாடுகிற குரல், நிமிர்ந்த நடை. என் இங்கிலீஷ் எப்படி என்றால், "குட் மார்னிங்" வரைக்கும் ராஜபாட்டையாகப் போகும், அதற்கப்புறம் மேடுபள்ளம்.

ஹோட்டலில் யூனிஃபார்ம் கோட்டும் முட்டிக்குக் கீழே தொங்குகிற பாவாடையும். பாவாடை போட்டுக்கொண்டு அல்சூர் தெருவில் நடந்தால் என் மாமியார் மறுநாளே என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அதனால் வீட்டிலிருந்து புடவையில் கிளம்பி, ஹோட்டல் லாக்கர் ரூமில் மாற்றிக்கொள்வேன். அந்தப் பாவாடைக்குக் கீழே கட்டாயமாகப் போட வேண்டியதுதான் ஸ்டாக்கிங்ஸ். முழங்கால் வரைக்கும் வருகிற சாக்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்து, விரல்நுனிவரை மூடிக்கொள்கிற சமாச்சாரம். அட்டையில் 'தோல் நிறம்' என்று போட்டிருக்கும். யார் தோல் என்று போட்டிருக்காது. என் தோல் நிச்சயமாக இல்லை.

மூன்று மாதத்துக்கு இரண்டு ஜோடிதான் கொடுப்பார்கள். ஒருத்தருடையது இன்னொருத்தருடையதோடு கலந்துவிடக் கூடாது என்று இடுப்புப் பட்டையில் சிவப்பு நூலால் ஸ்டாஃப் நம்பர் தைத்திருக்கும். எனக்கு நாற்பத்தேழு. ஃபிலோவுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள். என்னால் மூன்று நாள் ஓட்ட முடியவில்லை.

காரணம் என் மெட்டி. புது மெட்டி, மூன்று சுற்று, ஓரத்தில் அரும்பு வைத்தது. ஸ்டாக்கிங்ஸை இழுத்துப் போடும்போதே அந்த அரும்பு நூலைப் பிடித்துக்கொள்ளும். விரலில் ஒரு சின்ன ஓட்டை விழும். சரி, ஷூவுக்குள்ளே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால், மத்தியானத்துக்குள் அந்த ஓட்டையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கணுக்கால், ஆடுசதை என்று ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் முட்டிக்கு வந்து எட்டிப் பார்க்கும். மெட்டியை வேலைக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைக்கட்டுமா என்று மாமியாரைக் கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆக, தைப்பதுதான் வழி. வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து ஃப்யூஸ் போன பல்பு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டாக்கிங்ஸின் விரல்நுனிக்குள் பல்பை நுழைத்து, இழுத்துப் பிடித்து, மெல்லிய ஊசியால் கோர்த்துக் கோர்த்துத் தைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது முழுக்க அதிலேயே போகும். கோடு ஓடாமல் இருக்க நெயில் பாலிஷ் தொட்டு வைப்பேன். அது காய்ந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும். (அந்த வலியில் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.) ஒருமுறை சிவாஜிநகரில் பட்டுப்புடவைக் கிழிசலுக்கு ரஃபூ போடுகிறவரிடம், பேப்பரில் சுற்றி ரகசியமாக எடுத்துப் போனேன். அந்த மனுஷன் அதை உதறி, கைக்குள் விட்டு, நடு பஜாரில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எதிரே கறிக்கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "நக்கோ மேடம், வேணாம். இது துணி இல்ல, ஒட்டடை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமியார் அவருக்குத் தெரிந்த வகையில் உதவி செய்தார். தைக்கவே முடியாதபடி போன ஒன்றை எடுத்து அதில் சீயக்காய்த் தூள் சலித்தார். "மாவு மாதிரி வருது கௌரி, இன்னும் ரெண்டு இருந்தா கொண்டா" என்றார்.

இப்படி நான் பல்பும் ஊசியுமாகக் குருடாகிக்கொண்டிருக்க, ஃபிலோவின் கால்களில் ஒரு கீறல் கிடையாது. அதே ஹோட்டல், அதே இரண்டு ஜோடி. அவளுக்கு மட்டும் மூன்றாம் மாதக் கடைசியிலும் வழவழவென்று கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, ஜெலுசில் குடித்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, மெட்டி இல்லை, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மெட்டி இல்லாத மற்றப் பெண்களுக்கும் கிழிந்துகொண்டுதான் இருந்தது. இவளுக்கு மட்டும் ஏன் இல்லை? வெளியூர்ச் சரக்கா? யாராவது வாங்கிக் கொடுக்கிறார்களா? என் புத்தி எங்கெங்கோ போயிற்று.

ஒருநாள் நான் அவள் காலையே வெறித்துப் பார்ப்பதை அவளே கவனித்துவிட்டாள். "இதுக்கு ஒரு ஐடியா இருக்கு கௌரி. சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான்தான் பெரிய மகாராணி ஆயிற்றே. எனக்கென்ன குறைச்சல், என்னோடது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கிழிந்த காலை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் லாபி மேசை காலியானது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாகப் போட்ட மேசை அது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, ஷிஃப்ட் கிடையாது. எனக்கு அது வெறும் பதவி உயர்வு இல்லை. ஷிஃப்ட் முடிந்து நான் நேரங்கெட்ட நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து மாமியார் பொறுமை இழந்திருந்தார். ஒழுங்கான நேரத்து வேலை என்றால் இரு, இல்லாவிட்டால் இந்த மாசத்தோடு நிறுத்திவிடு என்று சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். சம்பளம் கிடக்கட்டும். அந்தக் கண்ணாடிக் கதவு, அந்தப் பூ வாசனை, யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் "தேங்க்யூ கௌரி" என்று சொல்கிறது, எல்லாம் பிடிக்கும். விட மனசே வரவில்லை.

மேசைக்கு இரண்டே பேர் போட்டி. யார் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் மேனேஜர் பொன்னம்மா மேடம், கூர்க்கைச் சேர்ந்தவர், தினமும் காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கொண்டையிலிருந்து ஷூ வரைக்கும் பார்ப்பார். திங்கட்கிழமை காலை வரிசையிலேயே முடிவு சொல்வேன், லாபி மேசையில் உட்காருகிறவளிடம் ஒரு குறை தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஜோடி. அதில் இடது காலில் விரலிலிருந்து முட்டிவரை கோடு. எந்த பல்பும் அதைக் காப்பாற்றாது. லாக்கர் ரூமில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபிலோ ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தாள். அவள் லாக்கர் பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு ஸ்டாக்கிங்ஸ், இறுக்கமாக உருட்டி, பந்து மாதிரி.

சாக்குப்போக்கு சொல்ல மாட்டேன். எடுத்தேன். அவளுடையதை என் பையில் போட்டேன். என்னுடையதை அதே மாதிரி உருட்டி அவள் கைக்குட்டைக்குள் வைத்தேன். திருடுகிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. ஏதோ எனக்கு வரவேண்டியது தவறிப்போய் அவளிடம் போய்விட்டது, அதை நான் சரிசெய்கிறேன் என்ற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. மாமியார் கண்ணில் பட்டால் சீயக்காய்க்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை. வரிசைக்குப் பத்து நிமிஷம். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அந்தப் பந்தைப் பிரித்தேன்.

ஒரு கால்தான் இருந்தது.

இடுப்பு இருந்தது, எலாஸ்டிக் இருந்தது, வலது கால் ஜம்மென்று இருந்தது. இடது கால் தொடையோடு வெட்டி, ஓரத்தை அழகாக மடித்துத் தைத்திருந்தது. திருப்பிப் பார்த்தேன், உள்ளே கைவிட்டுத் துழாவினேன். காலுக்கு எங்கே போவது? நான் பார்த்துப் பார்த்துப் புழுங்கின அந்த ஃபிலோவுக்கு ஒரு கால்தானோ, நான்தான் இத்தனை நாள் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாக. வெளியே லாக்கர் திறக்கிற சத்தம் கேட்டது. ஃபிலோ ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு சட்டென்று நின்றது. அப்புறம் கத்தரிக்கோல் சத்தம், கிர்ச் கிர்ச்சென்று. பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

வெறுங்காலோடு போனால் விதி மீறல், அங்கேயே கதை முடிந்தது. இருக்கிற ஒன்றைப் போட்டால் ஒரு கால் கோதுமை, ஒரு கால் கேழ்வரகு. என் மூளை அப்போது கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கைப்பையிலிருந்து காம்பேக்ட் பவுடரை எடுத்து, இடது காலில் முட்டியிலிருந்து கணுக்கால்வரை அப்பினேன். டப்பா காலி. குனிந்து பார்த்தேன், நிறம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. கௌரி, நீ கெட்டிக்காரி என்று எனக்கே சொல்லிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

பக்கத்தில் ஃபிலோ. இரண்டு காலும் வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். கிழிந்ததைத்தானே வைத்துவிட்டு வந்தேன், இது எங்கிருந்து வந்தது? பொன்னம்மா மேடம் ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தார். கொண்டை சரி, நகம் சரி, கால்... ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு திரும்பி நில் என்றார்.

பின்பக்கம் நான் பவுடர் போடவில்லை. கண்ணாடியில் தெரிகிற பக்கத்துக்குத்தானே யாரும் போடுவார்கள்?

"ஏனு இது, கௌரி?" என்று கன்னடத்தில் கேட்டார். வரிசையில் பன்னிரண்டு பேர் என் காலைக் குனிந்து பார்க்கிறார்கள். என் கறுப்பு ஷூ மேல் ரோஸ் கலரில் பவுடர் உதிர்ந்து கிடக்கிறது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ அவமானத்தோடு போயிருக்கும். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"வேண்டுதல் மேடம். மாமியாருக்கு உடம்பு சரியில்ல. ஒரு மண்டலம் ஒரு காலை மூடாம இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன்."

அப்படியானால் அந்தப் பவுடர் என்ன என்று கேட்டார்.

"விபூதி மேடம்."

ரோஸ் கலரிலா என்று கேட்டார். மலைக்கோயில் விபூதி, அங்கே அப்படித்தான் இருக்கும் என்றேன். எந்த மலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதிதாக ஒரு மலையே எழுப்பியிருப்பேன். அவருக்கு நம்பவும் முடியவில்லை, சாமி விஷயத்தில் வாய்விடவும் தயக்கம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃபிலோ பக்கம் திரும்பினார். நீயும் தமிழ்தானே, உங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார்.

ஃபிலோ என்னைப் பார்த்தாள். என் முகத்தை, என் வலது காலை, மறுபடி முகத்தை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், லாபி மேசை மட்டுமில்லை, வேலையே போய்விடும். திருட்டு என்று பேரும் ஒட்டிக்கொள்ளும். என் இடத்தில் அவளும் அவள் இடத்தில் நானும் இருந்திருந்தால் நான் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

"எனக்கு அவங்க கோயில் வழக்கம் தெரியாது மேடம்" என்றாள். "ஆனா கௌரி பொய் சொல்ல மாட்டா."

அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை. மேடம் தலையை ஆட்டிவிட்டு, லாபி மேசை ஃபிலோமினாவுக்கு என்றார். வேண்டுதல் முடிகிறவரை விருந்தாளிகள் கண்ணில் படாமல் டெலிஃபோன் அறையில் உட்கார் என்று எனக்குச் சொன்னார். வீட்டில் நோயாளி இருப்பதால் பகல் நேரம் மட்டும் வந்தால் போதும் என்று கூடவே ஒரு சலுகை. பாவி நான். அந்த அம்மா அவ்வளவு நல்லவர்.

சாயங்காலம் லாக்கர் ரூமில் ஃபிலோவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது வேறு. கிழிந்ததை எப்படி இப்படி ஆக்கினாய் என்று கேட்டேன். பொறாமை அப்போதும் அடங்கவில்லை பாருங்கள்.

அவள் இடுப்புப் பட்டையை இழுத்துக் காட்டினாள். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை. கீழே நாற்பத்தெட்டு, மேலே நாற்பத்தேழு. விஷயம் அவ்வளவுதான். அவளுடையதும் கிழிந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் பிரம்பு நாற்காலி, அதில் காயப்போட்டால் மாட்டிக் கிழியும். ஒன்றில் இடது கால் போனால் அதை வெட்டிவிடுவாள், இன்னொன்றில் வலது கால் போனால் அதை வெட்டிவிடுவாள். மிச்சத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் ஒரு முழு ஜோடி. மாதக்கணக்காக நான் பொருமித் தீர்த்த இரண்டு கால்களும் இரண்டு கிழிந்த ஜோடியிலிருந்து வந்தவை. அன்றைக்கு அதில் ஒன்று என்னுடையது.

"அன்னிக்கே சொல்லித் தரேன்னு கேட்டேன் இல்ல?" என்றாள். "உன்னோடதுல வலது கால் நல்லாவே இருந்துச்சு. என்னோடதைத் தோய்ச்சு நாளைக்குக் கொண்டா."

தோய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, என்னுடையதை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் மன்னிப்பும் கேட்டேன். சரி விடு என்றாள்.

நாற்பத்தெட்டு நாள் ஒரு காலில் ஸ்டாக்கிங்ஸும் ஒரு காலில் பவுடருமாக டெலிஃபோன் அறையில் உட்கார்ந்தேன். பகல் வேலை, ஐந்தரைக்கு வீடு. மாமியார் வாயே திறக்கவில்லை. அப்படியே தப்பித்திருப்பேன். ஆனால் மண்டலம் முடிந்த அன்றைக்குப் பொன்னம்மா மேடம் ஹோட்டல் காரில் வீட்டுக்கு ஒரு பழக்கூடை அனுப்பிவிட்டார். மேலே ஒரு அட்டை. மாமியார் பூரண நலம் பெற்றதற்கு வாழ்த்துகள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதை உரக்க வாசித்து, தமிழில் வேறு சொன்னார்.

"எனக்கு என்னடி வியாதி?" என்றார் மாமியார்.

எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. திருடினது, பவுடர், விபூதி, மலை, மண்டலம். மாமியார் ஒரு ஆப்பிளைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார். அவ்வளவு அல்லாடினதற்கு, மெட்டியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, நான் என்ன ஹோட்டலுக்கா வந்து பார்க்கப்போகிறேன் என்றார். நீங்கள்தானே வேண்டாம் என்று முறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். உன்னை யாரு கேக்கச் சொன்னது?" என்றார்.

டெலிஃபோன் அறையில் அந்த வருஷமே என்னை நிரந்தரமாக்கினார்கள். முப்பத்துநாலு வருஷம் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனேன். விருந்தாளிகளுக்குக் கேட்டதெல்லாம் என் குரல்தான், என் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. வீட்டில் மட்டும் அந்தக் கதை செத்தபாடில்லை. என் மகளுக்கு எல்லாம் என் குணம். ஆபீஸில் கூட வேலை செய்கிறவளுக்கு அமெரிக்கா வாய்ப்பு, புது வீடு, தங்கமான மாப்பிள்ளை என்று அவள் புலம்ப ஆரம்பித்தால், பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வரும்: "ரெண்டு காலும் இருக்கான்னு பிரிச்சுப் பாத்தியா?" உடனே இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன், திருந்திவிட்டேன் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் காக்ஸ் டவுனில் ஃபிலோ வீட்டுக்குப் போயிருந்தோம். மாடியில் புதிதாக அறை கட்டியிருக்கிறாள். வா காட்டுகிறேன் என்று கைப்பிடியைக்கூடத் தொடாமல், பேசிக்கொண்டே, படபடவென்று ஏறிப் போனாள். எனக்கு ஐந்து படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. கீழேயிருந்து நன்றாகக் கவனித்துப் பார்த்தேன். இரண்டு காலும் அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்து ஜெலுசில் குடித்தேன்.